மருந்தில்லாமலே எச்.ஐ.வி. அடங்கியிருப்பவர்களுக்கும் மாத்திரை வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எச்.ஐ.வி. தொற்று உறுதியான எல்லோருக்கும், சி.டி.4 எண்ணிக்கை (ரத்தத்தில் உள்ள ஒரு வகை எதிர்ப்புச் செல்களின் அளவு) எவ்வளவு இருந்தாலும், கூட்டு மருந்து தர வேண்டும் என்பது 2017 ஏப்ரல் 28 முதல் நம் நாட்டின் கொள்கை. அதற்கு முன்பு அப்படி இல்லை. சி.டி.4 எண்ணிக்கை 200-க்குக் கீழே போனால்தான் மருந்து என்று ஆரம்பித்து, பிறகு 350, பிறகு 500 என்று அந்த வரம்பு படிப்படியாக உயர்ந்தது. அந்தக் காலத்தில் நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையம்) பரிசோதனை செய்து, கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் பெயர் பதிந்து, "உங்களுக்கு எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கிறது, இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பலர். அவர்களில் ஒரு பகுதியினர் பிறகு வரவே இல்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகியும் நலமாகவே இருக்கிறார்கள். மிகச் சிலருக்கு வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸ் எண்ணிக்கை) பார்த்தால் 'கண்டறியப்படவில்லை' என்றே வருகிறது. மாத்திரை எடுக்காமலே இப்படி இருப்பவருக்கு இனி மாத்திரை எதற்கு என்ற கேள்வி நியாயமானது. அதற்குத் தெளிவான பதில் தமிழில் எளிதில் கிடைப்பதில்லை என்பதால் இந்தக் கடிதம் சற்று நீளும், பொறுத்தருள வேண்டும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்து தரலாம், தருவதே நல்லது. ஆனால் அவர் உண்மையிலேயே அப்படிப்பட்டவர்தானா என்று உறுதி செய்த பிறகு, ஆதாரம் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு இல்லை என்பதை மறைக்காமல் சொல்லி, அவர் சம்மதத்தோடு தர வேண்டும்.

ஒரு மில்லி ரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை 50-க்குக் கீழேயே, மருந்தில்லாமல், தொடர்ந்து நிற்பவர்களை 'எலைட் கன்ட்ரோலர்' என்கிறார்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. எண்ணிக்கை 2,000-க்குள் நிற்பவர்கள் இன்னொரு வகை; அவர்களுக்கு வைரஸ் குறைவு, ஆனால் இருக்கிறது. பல ஆண்டுகள் சி.டி.4 குறையாமல் இருப்பவர்கள் மூன்றாவது வகை. இவர்களில் பலருக்கு வைரஸ் ஓரளவு ஓடிக்கொண்டேதான் இருக்கும். இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால் வரும் சங்கடங்கள் கொஞ்சமல்ல. சி.டி.4 700 இருக்கிறது என்பதாலேயே ஒருவர் வைரஸை அடக்கிவிட்டார் என்று ஆகாது.

எப்படி அடக்குகிறார்கள்? எச்.எல்.ஏ. பி57, பி27 ஆகிய மரபணு வகைகள் இவர்களிடம் அதிகம் காணப்படுகின்றன. வைரஸ் மாற்றிக்கொள்ள முடியாத பகுதிகளை அடையாளம் கண்டு, தொற்றிய செல்லைக் கொல்லும் சி.டி.8 செல்கள் இவர்களிடம் வலுவாக இருக்கின்றன. 2020-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு 64 பேரின் செல்களைப் பிரித்துப் பார்த்தது. வைரஸின் முழுமையான மரபணு, மருந்து எடுப்பவர்களைவிட இவர்களிடம் அதிகமாக, மனித டி.என்.ஏ.வில் வேலை நடக்காத, பூட்டிக் கிடக்கும் பகுதிகளில் ஒட்டியிருந்தது. அங்கே இருந்தால் வைரஸ் எளிதில் விழித்துக்கொள்ளாது. ஆனாலும் அது இருக்கிறது. அமெரிக்காவின் லோரீன் வில்லன்பெர்க், அர்ஜென்டினாவின் 'எஸ்பரான்சா நோயாளி' என்று உலகம் முழுக்க விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரிடம் மட்டுமே கோடிக்கணக்கான செல்களைத் தேடியும் முழு வைரஸ் கிடைக்கவில்லை. அவர்களைக் காட்டி 'தானாகவே குணமாகும்' என்று பேசுவது தவறு. இந்த அரிய மனிதர்களைக் காட்டியே லேகியமும் பொடியும் விற்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இனி உறுதி செய்யும் வேலை. வைரல் லோடு 'இல்லை' என்று வந்ததும் முதலில் எழ வேண்டியது சந்தேகம். ஏனென்றால் உண்மையான எலைட் கன்ட்ரோலரைவிட அப்படித் தோற்றம் தருபவர்களே அதிகம் கண்ணில் படுகிறார்கள்.

முதல் காரணம், வெளியில் சொல்லாமல் மாத்திரை எடுப்பது. தனியார் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுக்கொண்டே, வேறு ஊரின் அரசு மையத்துக்குப் புதியவர்போல வருவார்கள். வேலை போய்விடும், வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். இதைக் குற்றம்போலக் கேட்டால் பதில் வராது. "இதுவரை எங்காவது, எந்த மாத்திரையாவது எடுத்தீர்களா? பழைய டப்பா இருந்தால் கொண்டு வாருங்கள், பார்த்து அதற்கேற்ப எழுதுகிறேன்" என்று கேட்டால் வரும்.

இரண்டாவது, எச்.ஐ.வி.-2. இதை அதிகம் விளக்க வேண்டியிருக்கிறது. இந்தியாவில், குறிப்பாக மேற்கிலும் தெற்கிலும், எச்.ஐ.வி.-2 வகை குறைந்த அளவில் பல ஆண்டுகளாக இருக்கிறது. வழக்கமான வைரல் லோடு பரிசோதனை எச்.ஐ.வி.-1-க்கானது. எச்.ஐ.வி.-2 எவ்வளவு இருந்தாலும் அந்த இயந்திரம் 'கண்டறியப்படவில்லை' என்றுதான் சொல்லும். இந்த வகை மெதுவாகவே முற்றும் என்பதால் ஆளும் ஆரோக்கியமாகத் தெரிவார். அறிக்கையை மட்டும் பார்த்தால் அசல் எலைட் கன்ட்ரோலர். ஆனால் சி.டி.4 குறையத் தொடங்கினால் எச்.ஐ.வி.-1 போலவே எய்ட்ஸ் வரை போகும். நெவிரபின், எஃபாவிரென்ஸ் மாத்திரைகள் எச்.ஐ.வி.-2-க்கு இயல்பாகவே வேலை செய்யாது என்பதால் வகை தெரியாமல் பழைய மருந்துகளைக் கொடுத்திருந்தால் அது முழுமையான சிகிச்சை ஆகாது. ஆகவே நம்பிக்கை மைய அறிக்கையில், பரிசோதனைக் கார்டில் எந்த வகைக்கான கோடு விழுந்தது, எந்த வகை என்று குறித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐயமிருந்தால் எச்.ஐ.வி.-2-ஐ உறுதி செய்ய அமைக்கப்பட்ட மேற்பரிசோதனை ஆய்வகத்துக்கு ரத்தம் அனுப்ப வேண்டும். இதைச் செய்யாமல் ஒருவரை எலைட் கன்ட்ரோலர் என்று எழுதுவது ஆபத்து.

மூன்றாவது, தொற்றே இல்லாமல் தவறாக பாசிட்டிவ் என்று வந்திருப்பது. அறிகுறி இல்லாதவருக்கு வெவ்வேறு முறையில் இயங்கும் மூன்று பரிசோதனைகளும் பாசிட்டிவ் ஆனால்தான் உறுதி. ஏதோ ஒரு லேப்பில் ஒரே ஒரு கார்டு பரிசோதனையை வைத்து ஆண்டுக்கணக்கில் அந்தச் சுமையோடு வாழ்பவர்கள் நம்பிக்கை மையத்தில் இலவசமாக மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும். இதன் மறுபக்கமும் உண்டு. உண்மையான கன்ட்ரோலருக்கு, எலிசா போன்ற எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) பரிசோதனை வழக்கமாகப் பாசிட்டிவ்தான். வைரல் லோடு இல்லை, எலிசா பாசிட்டிவ் என்றால் இரண்டில் ஒன்று தவறு என்று பொருளில்லை.

நான்காவது, ரத்த மாதிரி கெட்டுப்போவது. வைரல் லோடுக்கு ஈ.டி.டி.ஏ. குழாயில் (ரத்தம் உறையாமல் காக்கும் குழாய்) எடுத்த ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவை ஆய்வகம் குறித்த நேரத்துக்குள் பிரிக்க வேண்டும். நம் வெயிலில் குளிர்பெட்டி இல்லாமல் நாள் முழுக்கப் பயணம் செய்த குழாயில் வைரஸின் மரபணுப் பொருளான ஆர்.என்.ஏ. சிதைந்திருக்கலாம், எண்ணிக்கை பொய்யாகக் குறையும். ஆகையால் ஒரே ஒரு அறிக்கையை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. ஓராண்டோ அதற்கு மேலோ நீளும் காலத்தில் குறைந்தது மூன்று முறை, மருந்தே இல்லாமல், 50-க்குக் கீழே வந்திருக்க வேண்டும்.

இத்தனையும் தாண்டி உண்மையான கன்ட்ரோலர் என்று உறுதியானவருக்கு மருந்து எதற்கு?

50-க்குக் கீழே என்பது பூஜ்யம் இல்லை. மேலும் நுட்பமான பரிசோதனைகளில் இவர்களில் பெரும்பாலோருக்குச் சிறிதளவு வைரஸ் தெரிகிறது. குடல் திசுவிலும் நெறிக்கட்டியிலும் அது தொடர்ந்து மெல்லப் பெருகுகிறது. நெறிக்கட்டிக்குள் சி.டி.8 செல்கள் எளிதில் நுழையாத பகுதிகள் உண்டு. வைரஸ் ஒதுங்க அது போதும். அதை அடக்க எதிர்ப்புச் சக்தி ஒரு நாளும் ஓயாமல் வேலை செய்கிறது. எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் சிறு அடுப்புபோல அந்த அழற்சி உடம்பில் நீடிக்கிறது. தொற்றில்லாதவர்களைவிட எலைட் கன்ட்ரோலர்களிடம் டி செல் கிளர்ச்சி (எதிர்ப்புச் செல்கள் ஓயாமல் தூண்டப்பட்டிருக்கும் நிலை) அதிகம் என்பது 2008-லேயே பதிவானது. கழுத்துத் தமனியும் இதயத் தமனிகளும் தடிப்பதையும் அடுத்த சில ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் காட்டின. அமெரிக்காவில் 2015-இல் வெளியான ஒரு ஆய்வில், மாத்திரையால் வைரஸ் அடங்கியவர்களைவிட எலைட் கன்ட்ரோலர்கள் மருத்துவமனையில் அதிகம் சேர்க்கப்பட்டிருந்தார்கள். அவர்களிடையே முதல் காரணமாக இருந்தது இதய, ரத்தநாள நோய்.

இன்னொன்று, இந்தக் கட்டுப்பாடு ஆயுளுக்கும் உத்தரவாதம் இல்லை. சிலருக்கு ஆண்டுகள் கழித்து வைரஸ் மேலே வருகிறது. சிலருக்கு வைரஸ் தெரியாமலே சி.டி.4 மட்டும் மெல்லக் குறைகிறது. வேறொருவரிடமிருந்து இரண்டாவது முறை தொற்றிய வைரஸ் கட்டுப்பாட்டை உடைத்ததும் உண்டு. யாருக்கு எப்போது உடையும் என்று முன்கூட்டிச் சொல்லும் பரிசோதனை நம் மையங்களில் கிடையாது.

மருந்து தந்தால் பயன் இருக்கிறதா? இங்கேதான் நேர்மை வேண்டும். சி.டி.4 500-க்கு மேல் இருந்த 4,685 பேரை 35 நாடுகளில் சேர்த்து நடந்த 'ஸ்டார்ட்' ஆய்வு, 2015-இல் உலகின் சிகிச்சை முறையையே மாற்றியது. உடனே மருந்து தொடங்கியவர்களில் 42 பேருக்கும், தள்ளிப்போட்டவர்களில் 96 பேருக்கும் கடுமையான பாதிப்பு வந்தது. அபாயம் 57 சதவீதம் குறைந்தது. ஆனால் அந்த முடிவை எலைட் கன்ட்ரோலர் மேல் அப்படியே ஏற்றிச் சொல்ல முடியாது; அவர்களுக்காக நடந்த ஆய்வு அல்ல அது. அவர்களுக்கென்றே நடந்தவை சிறியவை. 2013-இல் வெளியான ஒன்றில் 16 கன்ட்ரோலர்கள் 24 வாரம் கூட்டு மருந்து எடுத்தார்கள். ரத்தத்திலும் குடலிலும் மிச்சமிருந்த வைரஸும், டி செல் கிளர்ச்சியும் குறைந்தன. ஏ5308 என்ற அமெரிக்க ஆய்விலும் மருந்து பாதுகாப்பாக இருந்தது, கிளர்ச்சி குறைந்தது, பங்கேற்றவர்கள் தங்கள் வாழ்க்கைத் தரம் சற்று மேம்பட்டதாகவும் சொன்னார்கள். மாரடைப்பு குறைந்தது, ஆயுள் கூடியது என்று காட்டும் பெரிய ஆய்வு எதுவும் இவர்களை வைத்து நடக்கவில்லை. இவ்வளவு அரிதானவர்களை ஆயிரக்கணக்கில் திரட்டிப் பல ஆண்டு பின்தொடர்வது எளிதல்ல. 2015 மருத்துவமனை ஆய்வுகூட உற்றுநோக்கல்தான். புகைப்பழக்கம், கல்லீரல் அழற்சி போன்றவற்றின் பங்கை அதில் முழுவதும் பிரிக்க முடியாது.

அப்படியிருந்தும் மருந்துப் பக்கமே நான் சாய்வதற்குக் காரணம், தராசின் மறுதட்டில் இருந்த சுமை இப்போது மிகவும் குறைந்துவிட்டது. 2004 ஏப்ரலில் இலவச ஏ.ஆர்.டி. தொடங்கிய முதல் அரசு மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. அன்றைய மருந்தில் ஸ்டாவுடின் இருந்தது. கன்னம் ஒட்டிப்போனது, பாதம் எரிந்தது. சிடோவுடின் ரத்தசோகை தந்தது, நெவிரபின் தோலில் தடிப்பு தந்தது. நலமாக இருப்பவருக்கு அந்த மாத்திரைகளைத் தராமல் இருந்தது அன்று சரிதான். இன்னும் பலர் மாத்திரைக்கு அஞ்சுவது அக்காலத்து ஒட்டிய முகங்களைப் பார்த்ததால். இன்று தருவது டி.எல்.டி. என்ற ஒரே மாத்திரை: டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டொலுடெக்ராவிர் 50 மி.கி., நாளுக்கு ஒன்று.

இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. தொடங்கும் முன் கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவு), சிறுநீரில் புரதம், ரத்த சர்க்கரை, ஹெபடைடிஸ் பி பார்க்க வேண்டும். முதல் சில வாரங்களில் கிரியேட்டினின் சிறிது ஏறினால் அது டொலுடெக்ராவிர் அதைச் சிறுநீரில் வெளியேறவிடாமல் தடுப்பதால் வருவது. சிறுநீரகம் கெட்டதாக ஆகாது. தொடர்ந்து ஏறினாலோ, சிறுநீரில் புரதம் தெரிந்தாலோ டெனோஃபோவிர்மேல் சந்தேகம் கொள்ள வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் சொல்லியாக வேண்டும். டொலுடெக்ராவிர் அதன் அளவை ரத்தத்தில் கூட்டும் என்பதால் நாளுக்கு 1,000 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. இரும்புச்சத்து, கால்சியம், அலுமினியமோ மக்னீசியமோ உள்ள நெஞ்செரிச்சல் மருந்து ஆகியவை டொலுடெக்ராவிரை உறிஞ்சவிடாது. அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ மாத்திரையை எடுக்க வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுக்கிறவருக்கு டி.எல்.டி. எடுத்து 12 மணி நேரம் கழித்து டொலுடெக்ராவிர் 50 மி.கி. இன்னொன்று கூடுதலாக வேண்டும். தூக்கம் கெட்டால் மாத்திரையைக் காலைக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். எடை கூடுவதும் உண்டு.

ஹெபடைடிஸ் பி உள்ளவர் ஒன்றை மறக்கக் கூடாது. டெனோஃபோவிரும் லாமிவுடினும் அந்த வைரஸையும் அடக்குகின்றன. "எனக்குத்தான் எச்.ஐ.வி. தானாக அடங்கியிருக்கிறதே" என்று நடுவில் நிறுத்தினால் கல்லீரல் அழற்சி திடீரென்று வெடிக்கலாம்; உயிருக்கே ஆபத்தாகலாம்.

கன்ட்ரோலர்களுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. மற்றவர்கள் மாத்திரை தவறவிட்டால் ஆறாம் மாத வைரல் லோடு காட்டிக்கொடுத்துவிடும். இவர்களுக்கு அது எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் 'இல்லை' என்றே வரும். எனவே மிச்ச மாத்திரை எண்ணுவதையும் ஆலோசகரின் பேச்சையுமே நம்ப வேண்டும். உடம்பிலும் அறிக்கையிலும் எந்த மாற்றமும் தெரியாத மாத்திரையை ஆயுளுக்கும் எடுப்பது கடினம். அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

சிலருக்கு யோசிக்கவே இடமில்லை. கர்ப்பிணி எலைட் கன்ட்ரோலராக இருந்தாலும் மாத்திரை உடனே வேண்டும். பேறுகாலத்திலும் பாலூட்டும்போதும் வைரஸ் தலைதூக்கினால் குழந்தைக்குத் தொற்றலாம். காசநோய், ஹெபடைடிஸ் பி உள்ளவர்கள், சி.டி.4 குறைந்துகொண்டே வருபவர்கள், இதய நோய் உள்ளவர்கள், 50-க்கு மேல் அவ்வப்போது வைரஸ் தெரிபவர்கள், தொற்றில்லாத துணை உள்ளவர்கள் எல்லோரும் இந்த வரிசைதான். துணைக்குப் பரவாது என்ற உறுதி மருந்தால் வைரஸ் அடங்கியவர்களிடம் நிரூபிக்கப்பட்டது. மருந்து துணைக்குத் தொற்றாமல் தடுக்குமா என்று பார்த்து, 2011-இல் முடிவு வெளியான எச்.பி.டி.என். 052 ஆய்வில் சென்னைத் தம்பதிகளும் பங்கேற்றார்கள். மருந்தில்லாமல் அடங்கியிருப்பவரை வைத்து அப்படி ஒரு ஆய்வு நடந்ததில்லை. அதனால் மருந்தில்லாமல் இருக்கும்வரை ஆணுறை அவசியம்.

எல்லாம் கேட்டும் ஒருவர் இப்போது வேண்டாம் என்றால் அது அவர் உரிமை. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் சம்மதமின்றிச் சிகிச்சை கூடாது என்கிறது. அவரைக் கடிந்து அனுப்பினால் மறுபடி வரமாட்டார். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைரல் லோடு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சி.டி.4, ஆண்டுதோறும் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, காசநோய் அறிகுறி என்று அட்டவணை போட்டுக் கொடுக்க வேண்டும். இரண்டு முறை தொடர்ந்து வைரஸ் தெரிந்தாலோ, சி.டி.4 மூன்று அளவுகளில் இறங்கிக்கொண்டே வந்தாலோ அன்றே தொடங்குவது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். புகைப்பதை நிறுத்தச் சொல்வது இவர்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியம்.

அரசுக்கு ஒரு வேண்டுகோள். நம் திட்டத்தில் வைரல் லோடு முதலில் பார்ப்பதே மாத்திரை தொடங்கி ஆறு மாதம் கழித்துத்தான். அதனால் இயற்கையாகவே அடக்கியவர் யார் என்பது நமக்குத் தெரியாமலே போகிறது. முதல் மாத்திரைக்கு முன் ஒரு குழாய் ரத்தம் கூடுதலாக எடுத்து வைரல் லோடுக்கு அனுப்பலாம். முடிவு வரும்வரை மாத்திரையை நிறுத்தி வைக்கத் தேவையில்லை. எச்.ஐ.வி.-2-ஐச் சந்தேகிக்கவும் அந்த ஒரு அறிக்கை உதவும். இவர்களின் செல்கள் குணப்படுத்தும் ஆய்வுக்கு விலைமதிப்பற்றவை. விருப்பமுள்ளவரிடம் எழுத்துச் சம்மதத்தோடு மாதிரி பெறலாம். ஆய்வுக்காக ஒருவரை மருந்தில்லாமல் வைத்திருப்பது மட்டும் கூடாது.

மாத்திரை வேண்டாம் என்று அன்று அனுப்பப்பட்டவர்களின் பெயர்கள் ஏ.ஆர்.டி. மையங்களின் பழைய பதிவேடுகளில் இன்னும் இருக்கின்றன. அவர்களைத் தேடி அழைக்க வேண்டும். கொடுத்த எண்ணில் வேறொருவர் எடுத்தால் எங்கிருந்து, எதற்காக அழைக்கிறோம் என்று சொல்லாமல் வைத்துவிட வேண்டும். இதைப் படிக்கும் அவர்களில் யாரேனும் பழைய அட்டை தொலைந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம், மறுபடி பதிந்துகொள்ளலாம். மையம் எங்கே என்று தெரியாவிட்டால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் பெயர் சொல்லாமலே கேட்கலாம்.

இப்படிக்கு,
ஏ.ஆர்.டி. மருத்துவர் ஒருவர்,
திருச்சி